இரண்டு புள்ளிக் கேள்வி

"தடித்த கண்ணாடிக் குவளையில் கொதிநீரை ஊற்றினால் அது வெடிப்பது ஏன்?" 31 வருடம் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நான் கொடுத்த கேள்வி. இரண்டு புள்ளி. உள்பக்கம் சூடாகி விரியும், வெளிப்பக்கம் இன்னும் விரியவில்லை, இழுபறியில் வெடிக்கும் என்று எழுதினால் இரண்டும் கிடைக்கும். "சூடு தாங்காமல்" என்று எழுதியவனுக்கு அரைப் புள்ளிகூட நான் போட்டதில்லை.

ஓய்வுபெற்று, மூதூரில் என் வீட்டுப் பின்வளவில் கண்ணாடி இளக்கப் போய், அதே கேள்வியில் நாற்பது தடவைக்கு மேல் பெயில் ஆகிவிட்டேன். ஒவ்வொரு முறையும் மனுசி ஏன் வெடித்தது என்று கேட்பாள். நானும் சொல்லுவேன்: சூடு தாங்காமல்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். தையல் மெசின், மீன் தொட்டி, கீபோர்ட், காளான் வளர்க்கிற பை. வாங்கும்போது கலை, மூன்றாம் மாதம் கட்டிலுக்குக் கீழே. எனக்கு அந்த வசதியும் இல்லை. செங்கல் சூளை கட்டிலுக்குக் கீழே போகாது.

தொடக்கம் நிலாவெளியில். மருமகன் கட்டாரிலிருந்து லீவில் வந்த நேரம், குடும்பத்தோடு போயிருந்தோம். கடற்கரைப் பக்கம் ஒரு கடையில் வெறும் போத்தலைத் தோசைபோலத் தட்டையாக்கி, நடுவில் சின்னப் பள்ளம் வைத்து, கழுத்தில் சணல் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். விலை 4,500 ரூபா. நான் சும்மா இருந்திருக்கலாம். "இது ஒரு வேலையா? சூடாக்கினா இளகும், இளகினா விழும். கிரவிட்டி" என்றேன். மனுசி அந்த இடத்திலேயே சொன்னாள்: "வாங்கிட்டுப் போவம், மலிவு." இன்றுவரை நான் செலவழித்த கணக்கைப் பார்த்தால், எங்கள் இரண்டு பேரில் விஞ்ஞானி யாரென்பது விளங்கும்.

ஒன்றைச் சொல்லியாக வேணும். கரண்ட் 13 மணித்தியாலம் நின்ற 2022இல் எனக்கு இந்த ஆசை வரவில்லை. அல்லாஹ் காப்பாற்றினான். என்னையல்ல, மனுசியை.

முதல் முயற்சி விறகடுப்பில். மூன்று கல்லு, சிரட்டைக்கரி, மேலே ஒரு சோஸ் போத்தல். நான்கு நிமிசத்தில் "டிக்" என்றது. நெருப்புப் பட்ட பக்கம் விரிந்தது, படாத பக்கம் விரியவில்லை. இரண்டு புள்ளிக் கேள்வி அடுப்பில் கிடந்து என்னைப் பார்த்தது.

இரண்டாவது முயற்சி பேக்கரிப் போறணையில். பேக்கரிக்காரர் என் பழைய மாணவர். "சேர் கேட்டா இல்லை எண்டு சொல்ல ஏலுமா" என்று பாண் எடுத்த பிறகு ஒரு போத்தலை உள்ளே தள்ளினார். காலையில் போனால் போத்தல் அப்படியே நிற்கிறது, முந்தினதைவிடச் சுத்தமாக. பாண் வேகிறது 200, 250 பாகையில். போத்தல் தள்ளாடத் தொடங்கவே ஏறத்தாழ 700 பாகை வேணும். இதை அவருக்கு நான் விளக்கத் தொடங்க, "அதை நீங்க பத்தாம் ஆண்டிலேயே சொல்லித் தந்தீங்கதானே சேர்" என்றார்.

கண்ணாடியின் குணமே தனி. ஐஸ்கட்டிக்கு இருக்கிறமாதிரி ஒரு குறித்த உருகுநிலை அதற்குக் கிடையாது. கித்துள் பாணிபோல, சூடு ஏற ஏற மெல்ல இளகிக்கொண்டே போகும். போத்தல் கண்ணாடி 600இல் கல்லு. 700 தாண்ட வயிறு தொய்யும். 750, 780இல் பாய்போல விரிந்து படுக்கும். 800 தாண்டினால் பக்கத்தில் இருக்கிற துண்டோடு ஒட்டிக் கலந்துவிடும். அச்சில் தொய்யவிடுவது ஒரு வித்தை, துண்டுகளை ஒட்டவைப்பது இன்னொரு வித்தை. நான் ஒன்றைச் செய்ய முயன்றபோதெல்லாம் மற்றது நடந்தது.

ஆக, சூளை கட்டினேன். சூடு தாங்கும் செங்கல் செக்கன்ஹான்டாகக் கிடைத்தது. சூடாக்குவதற்கு ஹொட்பிளேட்டுக்குப் போடும் கொயில் மூன்று, ஒவ்வொன்றும் 1000 வாட். மூன்றாயிரத்தை 230ஆல் வகுத்தால் 13 அம்பியர், வீட்டு லைன் தாங்கும். கணக்கை இரண்டு தரம் சரிபார்த்து, பிஸ்மில்லாச் சொல்லி சுவிச்சைப் போட்டேன். வீடு முழுக்க இருண்டது.

ட்ரிப் சுவிச் விழுந்திருந்தது. போட்டேன், விழுந்தது. போட்டேன், விழுந்தது. செங்கல்லுக்கு நடுவே பூசிய களி காயவில்லை. ஈரத்துக்குள்ளால் கரண்ட் நிலத்துக்கு ஒழுகியிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள். அடுத்த வீட்டு எலக்ட்ரீசியன் பெடியனுக்கு மூன்று செக்கன், அதுவும் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு.

காய்ந்த பிறகு ஹொட்பிளேட் கொயில் இரண்டு நாளில் அறுந்தது. திறந்த வெளியில் கேத்தல் வைக்கிறதற்குச் செய்த கம்பி அது. மூடிய பெட்டிக்குள் 700 பாகையில் கிடக்கச் சம்மதித்து வந்ததல்ல. பிறகு புறக்கோட்டையில் கந்தால் கம்பி வாங்கினேன். இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்தது, சூளைக்கென்றே உள்ளது. ஒருதரம் சூடாகி ஆறினால் அப்பளம்போல நொறுங்கும், பிறகு தொடக்கூடாது என்று கடைக்காரர் நாலுதரம் சொன்னார். நான் தொட்டது ஒரே ஒரு தரம்.

இனி வருவது பரகசியமாக இருக்கட்டும். சூளைக்குள் சூடு எவ்வளவென்று அறிய ஒரு வெப்பவிணை வாங்கினேன், கே வகை. இரண்டு வயர்: ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். 31 வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன? சிவப்பு, நேர். கருப்பு, மறை. ஆகவே சிவப்பைப் பிளஸ்ஸில் முடுக்கினேன். சுவிச்சைப் போட்டதும் மீட்டர் 30இலிருந்து இறங்கத் தொடங்கியது. 20, 10, பூச்சியம். கொஞ்ச நேரத்தில் மைனஸ் 40. மூதூரில் பனி பெய்ய வேண்டிய குளிர்.

"சூடு காணாது" என்று நினைத்துக் கரண்டைக் கூட்டினேன். மீட்டர் இன்னும் இறங்கிற்று. நானும் இன்னும் கூட்டினேன். பிறகு மீட்டர் எண் காட்டுவதையே விட்டுவிட்டு, கோடு காட்டத் தொடங்கியது. செங்கல் இடுக்கால் செம்மஞ்சள் வெளிச்சம் வந்தபோதுதான் ஏதோ பிழை என்று பட்டது. அமெரிக்க வழக்கப்படி வெப்பவிணையில் சிவப்பு வயர்தான் மறை. அதைச் சொல்லும் துண்டுக் கடதாசி பெட்டிக்குள் இருந்தது. பெட்டியில் மனுசி கருவாடு சுற்றி வைத்திருந்தாள்.

உள்ளே போத்தலைக் காணவில்லை. தட்டில் பச்சையாக ஒரு குளம். அதுவும் தட்டோடு சேர்ந்து ஒரே கல்லாக. கண்ணாடி தட்டில் ஒட்டாமலிருக்கக் கேயோலின் களியையும் அலுமினா மாவையும் கரைத்துப் பூசவேணும். இலங்கையில் பொரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் தோண்டி எடுக்கிற வெள்ளைக் களி அந்தக் கேயோலின். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் மீட்டியாகொட எங்கே, மூதூர் எங்கே? வெள்ளை எல்லாம் வெள்ளைதானே என்று சுவருக்குப் பூசி மிஞ்சின பிரைமரை அடித்திருந்தேன். அது 300 பாகையிலேயே புகைந்து, அடுத்த வீட்டுக் கொடியில் காய்ந்த உடுப்பெல்லாம் மணத்தது. பிரைமர் போட்ட சுவர் இன்றும் நன்றாக இருக்கிறது.

போத்தலுக்கு எங்கே போவது என்பது அடுத்த பிரச்சினை. ஒரே கம்பனி, ஒரே அச்சு, ஒரே நிறம் வேணும். அப்போதுதான் விரிவு ஒரேயளவு. சோடாப் போத்தல் ஒன்று இரண்டு கிடைக்கும், இரண்டு டசின் கிடைக்காது. ஒரே மாதிரி இரண்டு டசின் வெறும் போத்தல் ஒரே இடத்தில் கிடைப்பதென்றால், அது திருகோணமலையில் ஒரு பாருக்குப் பின்னால்தான். சாக்கில் கட்டித் தந்தார்கள். எல்லாம் சாராயப் போத்தல்.

லோஞ் காலமென்றால் கொட்டியாரக் குடாவைக் கடக்கையில் எஞ்சின் சத்தத்தில் எல்லாம் மறைந்திருக்கும். இப்போது பஸ். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். அந்த 396 மீற்றரும் சாக்கு "கிலுங், கிலுங்" என்று என் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தது. பக்கத்து சீற்றில் எங்கள் தெரு ஹாஜியார்.

"என்ன மாஸ்டர், சாக்கில?"

"கண்ணாடி, ஹாஜியார்."

"என்ன கண்ணாடி?"

"பரிசோதனைக்கு."

அவர் மூக்கை ஒருதரம் உறிஞ்சினார். போத்தல்களை நான் கழுவாமல் கட்டியது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு இரண்டு பெரியவர்கள் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். "மாஸ்டர், பென்சன் எடுத்த ஆக்களுக்கு மனசு கொஞ்சம் தளரும், அது இயற்கை. இஷாவுக்குப் பிறகு எங்களோட வந்து இருங்களன்." நான் சூளையைப் பற்றி விளக்கினேன். இடையிடையே தலையை ஆட்டி மிகுந்த பொறுமையோடு கேட்டார்கள். குடிகாரனின் கதையை அப்படித்தான் கேட்பார்கள்.

அந்த 24 போத்தல்களில் 23 எப்படிப் போயின என்று முழுக்கச் சொன்னால் பத்திரிகையில் இடம் போதாது. ஒன்றில் மூடியின் அலுமினிய வளையத்தைக் கழுத்தில் விட்டுவிட்டேன். அலுமினியம் 660இல் உருகும், கண்ணாடிக்கு முந்தி. வெள்ளிக் கண்ணீராய்த் தட்டில் சொட்டியிருந்தது. ஒன்றில் கழுத்து முந்தி இளகி ஒட்டிக்கொண்டது. உள்ளே அடைபட்ட காற்று ஊதி, போத்தல் தட்டையாவதற்குப் பதிலாகக் கர்ப்பமாகி நின்றது. ஒன்று மாரியில், தட்டு ஈரம் உறிஞ்சியிருந்ததால் ஆவி அடியிலிருந்து முட்டி, முட்டைபோல ஒரு கொப்புளம். மருமகன் போனில் படம் பார்த்துவிட்டு, "மாமா, இது வேணுமெண்டு செஞ்சதா?" என்றார். ஓம் என்றேன்.

உடைந்தவற்றுக்கு மரண விசாரணை நடத்த மட்டும் கற்றுக்கொண்டேன். வெடித்த விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பு வழுவழுவென்று உருண்டிருந்தால் சூடேறும்போது வெடித்தது. பிறகு வந்த சூடு விளிம்பை மழுக்கியிருக்கிறது. கத்திபோலக் கூராக இருந்தால் ஆறும்போது வெடித்தது. முதலாவதென்றால் அவசரமாக ஏற்றியிருக்கிறோம், இரண்டாவதென்றால் அவசரமாக இறக்கியிருக்கிறோம். என் விரலில் இப்போது ஏழு பிளாஸ்டர். நான் எந்த வகை என்று தெரிந்திருக்கும்.

ஆறவிடுவதுதான் இந்தத் தொழிலின் உயிர். மூதூர்க்காரனாக இருந்துகொண்டு இது எனக்குத் தெரியாமல் போனது பெரிய வெட்கம். ஏனென்றால் அந்தக் கதையின் ஒரு நுனி எங்கள் ஊரில் கிடக்கிறது.

ரொபர்ட் நொக்ஸை இங்கே தெரியாத பிள்ளை இல்லை. புயலில் பாய்மரம் போன 'ஆன்' கப்பலோடு கொட்டியாரக் குடாவுக்குள் வந்து, 1660இல் தகப்பன் கப்டனோடு கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டவர். 1679இல் தப்பி, 1681இல் லண்டனில் புத்தகம் போட்டார். அவர் பிடிபட்ட இடமென்று மூதூர்ப் பக்கத்துப் புளியமரத்தடியில் 1893இல் கல்லும் நட்டார்கள். ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளை வரிசையாக அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன். பிள்ளைகள் புளியங்காய் பொறுக்கினார்கள்.

அதே 1660இல் இங்கிலாந்தில் இன்னொரு கூத்து. ரூபர்ட் என்ற இளவரசர் விசித்திரமான கண்ணாடித் துளிகளைக் கொண்டுவந்து இரண்டாம் சார்ள்ஸ் அரசருக்குக் காட்டினார். உருகிய கண்ணாடியைச் சொட்டாகத் தண்ணீரில் விட்டால், தலைப்பிரட்டைபோல ஒரு தலையும் வாலுமாக இறுகும். தலையில் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வாலை நகத்தால் கிள்ளினால் முழுத் துளியும் தூளாய்ச் சிதறும். அரசர் மறு வருடம் அதை ரோயல் சொசைட்டியிடம் கொடுத்து, ஏனென்று பார்க்கச் சொன்னார். ரொபர்ட் ஹூக் பார்த்தார். 1665இல் வந்த மைக்ரோகிராபியாவில் எழுதினார். வெளித்தோல் தண்ணீர் பட்டு உடனே இறுகிவிடுகிறது, உள்ளே பிறகு ஆறிச் சுருங்கப் பார்க்கிறது, தோல் விடவில்லை. உள்ளுக்குள் இழுபறியோடு வெளியே சிரித்துக்கொண்டிருக்கிறது அந்தத் துளி. பல குடும்பங்களைப் போல.

அந்த ஹூக், நொக்ஸின் கூட்டாளி. நொக்ஸின் புத்தகத்துக்கு முன்னுரை எழுதியவர் அவர்தான். ஹூக்கின் விதியை விற்றராசைக் கையில் பிடித்துக்கொண்டு 31 வருடம் படிப்பித்தேன். நொக்ஸின் மரத்தை வருடத்துக்கொரு தரம் சுற்றினேன். இரண்டையும் ஒரு மனுசன் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறான் என்பது, என் ஏழாவது தட்டு மேசையில் தானாக வெடித்து, ஏன் என்று புத்தகம் புரட்டியபோதுதான் தெரிந்தது. பிள்ளைகள் அப்போதே கேட்காமல் விட்டது என் மானம் காத்தது.

விசயம் இவ்வளவுதான். போத்தல் கண்ணாடி இறங்கிவரும்போது 550 பாகை அளவில் நிறுத்தி, உள்ளும் வெளியும் ஒரே சூட்டுக்கு வர அரை மணித்தியாலமாவது விடவேணும். பிறகு 370 மட்டும் மிக மெல்ல இறக்கவேணும். அதற்குப் பிறகும் மூடியைத் திறக்கக்கூடாது, கையால் தொடக்கூடிய சூடு வரும்வரை. பிரியாணிக்குத் தம் போடுகிற அதே ஒழுக்கம்.

மனுசி நாற்பது வருடமாகத் தம் போடுகிறாள். ஒருநாளும் இடையில் மூடியைத் தூக்கிப் பார்த்ததில்லை. நான் ஒரே இரவில் எட்டுத் தரம் பார்த்திருக்கிறேன். "சும்மா ஒரு இடுக்கால" என்று 300 பாகையில் மூடியை இரண்டு விரற்கடை தூக்குவேன். குடாவிலிருந்து கடற்காற்று வரும். உள்ளே "டிங்" என்று ஒரு சின்னச் சத்தம், ஹோட்டலில் பில் கொண்டுவரச் சொல்லி மணி அடித்தமாதிரி.

பொறுமை இல்லாதவன் அடுத்து என்ன செய்வான்? இன்னும் கடினமான வேலையைத் தொடங்குவான். சாராயப் போத்தலை நிறுத்திவிட்டு, துண்டுகளை ஒட்டப் போனேன். யன்னல் கண்ணாடி கீழே. அதன்மேல் நீல மருந்துப் போத்தல் துண்டு, பச்சைச் சோடாத் துண்டு. கடலும் வயலும் என்று டிசைன். ஒட்டி, ஆறி, வெடிக்காமல் வந்தது! ஷோகேஸில் வைத்தேன். மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு "டப்". மனுசி கள்ளன் என்று எழும்பினாள். கடலும் வயலும் பிரிந்து கிடந்தன.

காரணம் மறுபடியும் பத்தாம் ஆண்டுப் பாடம். வெளிநாட்டில் இந்த வேலைக்கென்றே கண்ணாடி விற்கிறார்கள், விரிவை அளந்து 90 என்றும் 96 என்றும் எண் போட்டு. 1974இல் தொடங்கிய அமெரிக்காவின் புல்ஸ்ஐ கம்பனியுடையது 90. தொண்ணூறும் தொண்ணூற்றாறும் கலக்கக்கூடாது. வித்தியாசம் எவ்வளவென்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்: பத்து சென்ரிமீற்றர் துண்டு 500 பாகை ஆறும்போது 0.03 மில்லிமீற்றர். தலைமயிரில் பாதிகூட வராது. அவ்வளவு சின்ன மனஸ்தாபத்துக்கு வெடித்துப் பிரிகிறதென்றால், நான் குப்பையில் பொறுக்கி ஒட்டினவை மூன்று நாள் சேர்ந்திருந்ததே பெரிய காரியம்.

மாந்தையிலும் அரிக்கமேட்டிலும் எங்கள் ஆட்கள் ஆயிரம், இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னே கண்ணாடி மணி செய்து கடல்தாண்டி அனுப்பியிருக்கிறார்கள். மீட்டர் இல்லை, ட்ரிப் சுவிச் இல்லை. நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொன்னவர்கள். நானும் நிறம் பார்த்தேன். எனக்கு எல்லாம் சிவப்பாகத்தான் தெரிந்தது.

உள்ளுக்குள் இழுபறி இருக்கிறதா என்று வெடிக்க முந்தியே கண்டுபிடிக்க ஒரு வழியுண்டு. முனைவாக்கிய ஒளி. எல்சிடி டீவித் திரையிலிருந்து வருகிற வெளிச்சம் ஏற்கெனவே முனைவானது. திரையை வெள்ளையாக்கி, அதற்கு முன்னால் கண்ணாடித் துண்டைப் பிடித்து, போலரொயிட் கூலிங்கிளாஸ் போட்டுத் தலையைச் சரித்துப் பார்த்தால், திரை இருளும். கண்ணாடியில் இழுபறி உள்ள இடம் மட்டும் பேய்போல வெளிச்சமாகத் தெரியும். அருமையான முறை. ஒரே குறை, இரவு பதினொரு மணிக்கு, லைட்டை அணைத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒன்றுமில்லாத டீவிக்கு முன்னால் கழுத்தைச் சரித்து நிற்கையில், தண்ணீர் குடிக்க வந்த பேத்தி அலறியதுதான்.

இடையில் கண்ணாடிக்குப் புரை விழுந்த கதையும் உண்டு. 700க்கும் 800க்கும் இடையில் அதிக நேரம் கிடந்தால் மேற்பரப்பு பளிங்காகத் தொடங்கி மங்கிப்போகும், அழுக்கிருந்தால் இன்னும் சீக்கிரம். மூதூர் உப்புக்காற்றின் வேலை என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் மங்கல் என் பெருவிரல் ரேகையின் வடிவத்தில் இருந்தது. பொலிஸுக்குக்கூட அவ்வளவு தெளிவாக எடுக்க முடியாது.

கரண்ட் பில்லைப் பற்றி ஒரு வரி: வீட்டுப் பாவனை 180 அலகைத் தாண்டினால் மேல்தட்டு விலை. நான் தாண்டினேன். அந்த மாதம் மனுசி என்னோடு பேசவில்லை, ஆனால் பில்லைச் சாப்பாட்டு மேசையில் என் பீங்கானுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மிஞ்சியது ஒரு போத்தல். இருபத்து நான்காவது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, சுபஹ் தொழுதுவிட்டு ஏற்றினேன். இந்த முறை ஒழுங்காக: களி பூசிய தட்டு, சுட்ட மண்ணில் அச்சு, கழற்றிய வளையம், சரியான பக்கத்தில் சிவப்பு வயர். பதினொன்றுக்குப் பின்னால் இடுக்கால் பார்த்தேன். போத்தல் அழகாகத் தொய்ந்து அச்சில் இருந்துவிட்டது. இனி 550க்கு இறக்கி நிறுத்தவேணும். கையில் மணிக்கூடு. பதினொன்றரை போல, கரண்ட் போயிற்று.

எங்கள் வீட்டில் மட்டுமில்லை. மூதூர் முழுக்க, கிண்ணியா, திருகோணமலை, கொழும்பு, முழு இலங்கையும். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டுவிட்டதாக அமைச்சர் சொன்னார். இரண்டு கோடி சனம் இருட்டில். நான் ஒருவன்தான் குரங்கைவிட என் போத்தலை யோசித்துக்கொண்டிருந்தேன்.

"கரண்ட் போனா முதல்ல சூளை சுவிச்ச ஓப் பண்ணுங்க மாமா, திரும்பி வரேக்க மெசின் எங்க நிக்குமெண்டு தெரியாது" என்று மருமகன் எப்போதோ சொன்னது. அவர் சொன்னவற்றில் நான் கேட்டது அது ஒன்றுதான். சுவிச்சை அணைத்துவிட்டு, வழக்கம்போல மூடியில் கை வைத்தேன். சும்மா, ஒரு இடுக்கால.

"இஞ்சப் பாருங்க! தண்ணி மோட்டர் வேல செய்யாது, கிணத்தில அள்ளுங்க!"

அள்ளினேன். வீட்டுக்கு அள்ளி, மகள் வீட்டுக்கு அள்ளி, வுழூ எடுக்க அள்ளி, பக்கத்து வீட்டு மூத்தம்மாவுக்கும் இரண்டு வாளி அள்ளினேன். அசர் தொழுதுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவன் முதுகு நோவில் எழும்பவில்லை. கரண்ட் வந்ததும் தெரியாது. மறுநாள் காலையில் சூளையைத் தொட்டால் பச்சைத் தண்ணீராக ஆறியிருந்தது. திறந்தேன்.

வெடிக்கவில்லை. தடித்த செங்கல் தன்பாட்டில் சூட்டைப் பிடித்து, மெல்ல மெல்ல விட்டிருக்கிறது. டீவிக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன், ஒரு பேயும் இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் நான் செய்யாததை, நான் தொடாததால் செய்து தந்திருக்கிறது ஒரு பாணந்துறைக் குரங்கு.

அதேமாதிரி இன்னொன்று செய்ய, அடுத்த வாரம் ஒரு சோஸ் போத்தலை ஏற்றி, பதினொன்றரைக்கு மெயின் சுவிச்சை நானே அணைத்தேன். மனுசி தண்ணீர் அள்ளச் சொல்லவில்லை. டாங்க் நிறைத்து வைத்திருந்தாள். மூடியை மூன்று தரம் தூக்கினேன். டிங்.

குரங்கு செய்த தட்டு நோன்புக்கு வீட்டுக்குள் வந்தது. நோன்பு திறக்கையில் பேரீச்சம்பழம் வைக்கலாம் என்று நான் நினைத்தேன். மனுசி தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது எந்தப் போத்தலாக இருந்ததென்று அவளுக்குத் தெரியும். நெருப்பில் போய்வந்தது என்று வாதாடிப் பார்த்தேன். "உங்கட வாதமும் நெருப்பில போய் வரட்டும்" என்று தட்டைக் குளியலறையில் சவர்க்காரம் வைக்கப் போட்டுவிட்டாள். தண்ணீர் வடிய ஓட்டை இல்லாததால் சவர்க்காரம் அதில் கூழாகிறது.

நேற்று நாலாம் ஆண்டுப் பேத்தி கை கழுவப் போனவள், தட்டின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டு நின்றாள். உருகியும் அழியாத புடைப்பெழுத்து.

"மூத்தப்பா, இதில 750 எண்டு இரிக்கி. என்ன அது?"

"அது... சூளையிட சூடு, மகள். 750 பாகையிலதானே மூத்தப்பா இதைச் செஞ்சது."

"பக்கத்தில எம்.எல். எண்டும் இரிக்கி?"

மனுசி குசினியில் தேங்காய் துருவுவதை நிறுத்தினாள்.

"எம்.எல். எண்டா... மெல்ல. 750க்கு மெல்ல ஏத்தவேணும் எண்டு அர்த்தம்."

பேத்தி கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"எங்கட டீச்சர் மில்லிலீற்றர் எண்டெல்லோ சொன்னவ?"